பம்புக்கு எந்த ஊரு?

காலை ரயில் பொன்னேரியைத் தாண்டியது. எதிர் சீட்டில் கும்மிடிப்பூண்டி பம்பு கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள், சீருடையில்.

“நம்ம பம்பு எந்த ஊருன்னு வெளிநாட்ல கேக்கறாங்களாம்க்கா” என்றாள் சின்னவள்.

“பம்புக்கு இன்னாடி ஊரு?”

நானும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“நம்ம நாடும் அந்த நாடும் ஒப்பந்தம் போட்டுக்கினாங்கல்ல? இங்கியே செஞ்ச பம்புன்னா அங்க வரி கெடையாதாம். ஆர்டர் குவியுது. ஆனா உள்ள மோட்டாரு சீனாவாச்சே, ஒத்துக்க மாட்டாங்களாம்.”

“அப்புறம்?”

“மோட்டாரையும் இங்கியே செய்யணுமாம். உன் வூட்டு மாமா இருந்த மோட்டாரு செக்‌ஷன மூடுனாங்களே, அத மறுபடி தொறக்கறாங்க. பழைய ஆளுங்களத்தான் கூப்புடறாங்க.”

பெரியவள் உடனே கணவனுக்குப் போன் போட்டாள்.

“யோவ், உன் கம்பெனி சட்டைய தரை தொடைக்கப் போட்டேன் பாரு. அத எடுத்து நல்லா தொவச்சி வெய்யி.”