நாற்பது நாள் அளவு

மஞ்சள் அரைத்தால் நகக்கண்ணில் ஏறிய நிறம் மூன்று நாளைக்குப் போகாது, டீச்சர். அறிவியல் கண்காட்சியில் பரிசு வாங்கிய அன்று என் விரலைப் பார்த்து நீங்கள்கூடச் சிரித்தீர்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

அப்பா சுருளி, கீழக்குயில்குடி வயலில் செருப்பில்லாமல் நடந்து பழகியவர். இடது குதிகாலில் கறுப்பாக ஒரு மறு வந்தது. கருவேல முள் ஏறி ஆறிய தடம் என்றிருந்தோம். அது கசியத் தொடங்கியதும் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சோதனைக்குத் துளிச் சதை எடுத்தார்கள். முடிவு தபாலில் வரும் என்றார்கள்.

அந்த வாரம்தான் நீங்கள் கண்காட்சிக்குத் தலைப்புக் கேட்டீர்கள். நூலகத்தில் ஒரு செய்தி கிடைத்தது. மஞ்சளில் உள்ள குர்குமின் தோல் புற்றுநோய் செல்களைச் சாகடிக்கிறதாம். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் மட்டுமே பார்த்தது, மனிதர்களிடம் இன்னும் சோதிக்கவில்லை என்று கடைசி வரியில் இருந்தது. சார்ட்டில் இடம் போதவில்லை. அந்த வரியைக் கத்தரித்துவிட்டேன்.

“தெனமும் அரைச்சுப் போடுறேம்ப்பா. நாப்பது நாளு.”

“போடு தாயி. என் காலுக்கும் மார்க்குப் போடுவாகளா?”

“மஞ்சப் பூசி மறுக்கா மாப்பிள்ளையாகப் போறாராக்கும்,” என்றாள் அம்மா.

ஒன்பதாம் நாள் தபால்காரர் விருமாண்டி அண்ணன் கடிதத்தை என் கையில் கொடுத்தார். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான்தான். புற்றுநோய், பத்து நாளைக்குள் அறுவைக்கு வந்து சேரவும் என்று இருந்தது. கண்காட்சிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

“என்ன தாயி எழுதியிருக்கு?”

“ஒண்ணுமில்லையாம்ப்பா. சும்மா மறுதானாம்.”

கடிதத்தை இயற்பியல் புத்தக அட்டைக்குள் செருகினேன். அறுத்துவிட்டால் பிறகு எதை அளப்பது?

தினமும் மஞ்சள் பூசிய பிறகே ஸ்கேல் வைத்தேன். ஓரத்தை மஞ்சள் மூடிவிடும், நடுக் கறுப்பு மட்டும் தெரியும். பத்து மில்லிமீட்டர் எட்டானது, பிறகு ஆறானது. இருபத்தாறாம் நாள் பம்புசெட்டில் அப்பா காலைத் தேய்த்துக் கழுவும்போது பார்த்தேன். ஐம்பது பைசா அகலத்துக்குப் படர்ந்திருந்தது. நோட்டில் ஐந்து என்று எழுதினேன். ஆராய்ச்சி முறையை நடுவில் மாற்றக் கூடாது என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

இப்போது அப்பாவுக்குத் தொடையிடுக்கில் கட்டி. நோய் பரவிவிட்டது என்று நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சத்தம் போட்டார்.

“லெட்டர் போட்டும் ஏன்யா வரல?”

அப்பா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“எங்களுக்கு வரலைங்கய்யா,” என்றார். பிறகு போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

நாளைக் காலையில் தபாலாபீஸுக்குப் போய் விருமாண்டி அண்ணனை நாலு கேள்வி கேட்கப் போகிறாளாம் அம்மா. யார் கையில் கொடுத்தார் என்பதை அவர் சொல்லிவிடுவார். பயமாக இருக்கிறது, டீச்சர். அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மறைத்தது நான்தான். ஆனால் அப்பாவின் காலைக் காப்பாற்றத்தான் மறைத்தேன்.

மாநிலக் கண்காட்சிக்கு என் நோட்டை அனுப்பும்போது அப்பா பெயரை மட்டும் அடித்துவிடுங்கள். அளவுகள் அப்படியே இருக்கட்டும்.