ஜூபல் இரவல் கேட்ட கோடாலி

விறகை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். நாய்கள் மேட்டுக்கு அப்பால் போய்விட்டன. நாம் வேட்டையாட வந்த ரக்கூன் மரமேறினால் அவையே குரைத்துச் சொல்லும். அதுவரை இதைக் கேளுங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

நம் டெல்மருடைய மாமா ஹோபர்ட்டுக்கு நடந்தது இது. அதோ, காப்பிக் குவளையோடு உட்கார்ந்திருக்கிறானே, அந்த டெல்மர்தான். நான் தப்பாகச் சொன்னால் அவனே திருத்தட்டும்.

ஒரு சனிக்கிழமை. இரவு ஒன்றரை மணி. ஓடையிலிருந்து ராட்லிஃப் மேட்டுக்கு ஏறும் வண்டித்தடம். நிலா இல்லை. ஹோபர்ட் தனியாக ஏறிக்கொண்டிருந்தார். கையில் விளக்கு, தோளில் கோடாலி. கோடாலி புதுசு. நிலக்கரிக் கம்பெனி கொடுத்தது. அந்தக் காலத்தில் கம்பெனி கொடுக்கும் சாமானில் எல்லாம் வேலைக்காரன் நம்பரை அடித்துக் கொடுப்பார்கள். அவர் கோடாலியில் நாற்பத்தேழு என்று இருந்தது.

எதற்குப் போனார்? மேட்டின் மூலையில் நிற்கும் வெள்ளை ஓக் மரத்தை வெட்டத்தான்.

அது யார் மரம் என்று உங்களுக்கே தெரியும். கோர்ட்டு வாசலில் கரடியை மிதித்துக்கொண்டு சிலையாக நிற்கிறாரே, அந்த ஜூபல் ராட்லிஃப்பின் மரம். அவர் எங்கே பிறந்தார் என்று மூன்று ஊர்க்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயர், பெட்ரோல் பங்குக்கு அவர் பெயர். அந்தக் கரடிக் கதையை நம்பாதீர்கள். கரடியைப் பார்த்ததும் மனிதர் மரமேறிவிட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். மரக் கதை மட்டும் நிஜம். மலைக் கணவாய் தாண்டி, பெண்டாட்டியோடும் ஒரு மாட்டோடும் முதலில் வந்தவர் அவர். காடு திருத்தினார். இருபது வருஷம் கழித்துக் கிழக்கே இருந்து ஒருவன் காகிதத்தோடு வந்து, இதெல்லாம் என் நிலம் என்றான். கோர்ட்டும் காகிதத்தின் பக்கமே பேசியது. ஜூபல் நகரவில்லை. அவரை வெளியேற்ற ஷெரீப் மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் வெறுங்கையோடு திரும்பினார். கடைசியில், இந்த ஆளோடு மல்லுக்கட்ட முடியாதென்று அந்த ஒரு மேட்டை மட்டும் எழுதிக்கொடுத்தார்கள். பத்திரத்தில் எல்லை எப்படித் தொடங்குகிறது தெரியுமா? ‘ஜூபல் மூன்று வெட்டு வெட்டிய வெள்ளை ஓக்கிலிருந்து...’

நூற்று அறுபது வருஷம் கழித்து அந்த மேட்டுக்கு அடியில் நிலக்கரி இருப்பது தெரிந்தது. மேட்டில் இருந்தவர் ஜூபலின் வம்சத்தில் மிஞ்சிய, ஊரே அத்தை என்று கூப்பிடும் ஓர்ஃபா மட்டும். அறுபது வயசு, தனிக்கட்டை. கம்பெனி வழக்குப் போட்டது. மரத்தை நேரில் பார்க்கத் திங்கட்கிழமை நீதிபதி வருகிறார். மரம் இல்லையென்றால் எல்லை இல்லை. எல்லை இல்லையென்றால் மேடு கம்பெனிக்கு. சிலைக்கு மாலை போடுகிற எந்தப் பெரிய மனிதரும் வாய் திறக்கவில்லை. எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

கம்பெனி மேஸ்திரி ஹோபர்ட்டைக் கூப்பிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னான்.

“திங்கக்கிழம மரம் நிக்கக்கூடாது. நின்னுச்சுன்னா கம்பெனி வீட்டுல நீ இருக்க மாட்ட.”

ஹோபர்ட்டின் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். அவர் போனார். குற்றம் சொல்லாதீர்கள். நீங்களும் போயிருப்பீர்கள்.

மரத்தடிக்கு வந்தார். நாலு பேர் கைகோத்தாலும் அடங்காத மரம். விளக்கைக் கீழே வைத்தார். உள்ளங்கையில் எச்சில் துப்பிக் கோடாலியை ஓங்கினார்...

காற்று நின்றது. தவளைச் சத்தம் நின்றது.

முதலில் வாடைதான் வந்தது. ஈரத் தோலும் கரடிக் கொழுப்பும் கலந்த வாடை. அப்புறம் விளக்கு தானாகச் சுருங்கி, திரியில் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் நின்றது. முதுகுக்குப் பின்னால், கை எட்டுகிற தூரத்தில், ஒரு குரல். அதட்டல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் கேட்கிற மாதிரி சாதாரணமாக.

“கோடாலியக் கொஞ்சம் குடுப்பா. வேல முடிஞ்சதும் தந்துடறேன்.”

இங்கேதான் ஹோபர்ட் ஒரு தப்பைச் செய்தார். வேறு ஊர்க்காரனாக இருந்தால் அலறியிருப்பான், ஓடியிருப்பான். நாம் எப்படி வளர்ந்தோம்? அக்கம்பக்கத்தான் கோடாலி கேட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது. யார், எதற்கு என்று கேட்கவும் கூடாது. வாங்கினவன் தீட்டித்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடக்கப் பழகும்போதே நமக்குச் சொல்லித்தந்தது. ஹோபர்ட்டின் கை அவரைக் கேட்காமலே பின்னால் நீண்டது. காம்புப் பக்கமாகத் திருப்பி, மரியாதையாகக் கொடுத்தார்.

வாங்கின விரல் அவர் விரலில் பட்டது. ஓடைக்கல் மாதிரி சில்லென்று இருந்ததாம்.

டொக்...

டொக்...

டொக்.

மூன்றே வெட்டு. பச்சை ஓக் சிராயின் புளித்த வாசனை குப்பென்று அடித்தது. ஹோபர்ட் திரும்பிப் பார்க்கவில்லை. கால் போன வழியில் ஓடினார். ஓடையில் விழுந்ததுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை நீதிபதி வந்தார். கம்பெனி வக்கீல், மேஸ்திரி, கோர்ட்டு அனுப்பிய நில அளவைக்காரர் எல்லாரும் வந்தார்கள். அளவுச் சங்கிலி பிடிக்க ஹோபர்ட்டையும் இழுத்து வந்திருந்தார்கள். மரம் நின்றது. கோடாலியைக் காணோம். ஒரு சிராய்கூடக் கீழே கிடக்கவில்லை. பட்டையில் கீறல் இல்லை. வக்கீலுக்கு அது வசதியாகப் போயிற்று.

“மூணு வெட்டுன்னு பத்திரம் சொல்லுது. எங்கய்யா வெட்டு? இது ஏதோ ஒரு மரம்!”

ஓர்ஃபா அத்தை வாயிலிருந்த புகையிலைச் சாற்றை அவன் பூட்ஸுக்குப் பக்கத்தில் துப்பினார்.

“நூத்தி அறுவது வருசமா வெளியவே காட்டிக்கிட்டு நிக்குமா? பட்ட மூடாதா? தொறந்து பாருங்கய்யா. உள்ள எழுதியிருக்கு. படிக்கத் தெரிஞ்சவன் படிக்கட்டும்.”

அளவைக்காரர் உளியை வைத்துச் சதுரமாக வெட்டினார். ஒரு சாண் ஆழம் போனது. உள்ளே கறுத்துப்போன பழைய வெட்டு ஒன்று. அதற்குக் கீழே இன்னொன்று. மூன்றாவதில் உளி ணங்கென்று இரும்பில் பட்டது.

கோடாலித் தலை. காம்பு இல்லை. மரம் அதை முழுசாக விழுங்கி மூடியிருந்தது. வருஷத்துக்கு ஒன்றாக மேலே வளர்ந்திருந்த வளையங்களை அளவைக்காரர் ஊசியால் எண்ணினார். நூற்று அறுபத்தொன்று. நம்பாமல் மறுபடி எண்ணினார். அதே கணக்கு. இரும்பைத் துடைத்துப் பார்த்தார்.

நாற்பத்தேழு.

நீதிபதி மெதுவாகக் கேட்டார், “யாரு நம்பர் இது?”

மேஸ்திரி கண்ணாலேயே ஹோபர்ட்டை மிரட்டினான். வீடு, வேலை, பிறக்கப்போகும் பிள்ளை எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன. ஹோபர்ட் தொப்பியைக் கழற்றினார்.

“என்னுதுங்க. சனிக்கிழம ராத்திரி இந்த மரத்த வெட்ட வந்தேன். இவருதான் அனுப்புனாரு. ஒருத்தரு வந்து இரவல் கேட்டாரு... குடுத்தேன்.”

அன்று சாயங்காலமே அவருடைய கட்டில், சாமானெல்லாம் ரோட்டில் கிடந்தன. இருட்டுவதற்குள் ஓர்ஃபா அத்தை மாட்டுவண்டியோடு வந்து நின்றார்.

“ஏறுங்க. எம் மேட்டுல எடமில்லாமப் போச்சா?”

மேடு அத்தைக்குத்தான் என்று தீர்ப்பானது. ஹோபர்ட் அங்கேயே ஒரு மரவீடு கட்டினார். இப்போது டெல்மர் இருப்பது அந்த வீட்டில்தான்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். நூற்று அறுபத்தொரு வருஷம் மரத்துக்குள் கிடந்த இரும்பில் ஒரு பொட்டுத் துரு இல்லை. எடுத்துக் கொடுத்த அளவைக்காரரின் கட்டைவிரல் எலும்புவரை அறுபட்டுவிட்டது. அவ்வளவு கூர். கம்பெனி கொடுத்தபோது அதில் பாதிக் கூர்கூட இல்லை என்று ஹோபர்ட் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் புதுக் காம்பு போட்டு வாசற்கதவுக்கு மேலே ஆணியில் மாட்டினார்கள். அறுபது வருஷத்துக்கும் மேலாக அங்கேயே தொங்கியது. யாரும் தொட்டதில்லை.

மேட்டின் தலையை வெடிவைத்துத் தகர்க்கப் போவதாகப் போன வாரம் கம்பெனியிலிருந்து மறுபடி காகிதம் வந்திருக்கிறது. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். நேற்று அதைப் பற்றிப் பேசத்தான் டெல்மர் வீட்டுக்குப் போனேன். கதவுக்கு மேலே பார்த்தேன். வெறும் ஆணி. படியில் ஈரத் தோல் வாடை.

“டெல்மர், கோடாலி எங்கடா? களவு போச்சா?” என்றேன்.

அவன் காப்பியை ஒரு வாய் குடித்தான். இதோ, இப்போது குடிக்கிறானே, இதே மாதிரி.

“இல்லடா. ராத்திரி ஒருத்தரு கேட்டாரு, குடுத்திருக்கேன். தீட்டித்தான் தருவாரு.”