வார்த்தை புரிஞ்ச மெஷின்

பரவால்லம்மா, ரெக்கார்டர ஆன் பண்ணிக்கோங்க. என் வீட்டுக்காரி இருந்திருந்தா உங்ககிட்ட நாலு வார்த்தைக்கு மேல பேசியிருக்க மாட்டா. அவ யோசிப்பா, நான் பேசுவேன். எங்க வீட்ல வேலையப் பிரிச்சிக்கிட்டதே அப்படித்தான்.

எங்க விட்டேன்? ஆங், நாங்க ரெண்டு பேரும் வேலை பாத்த ஆபீஸ்ல இருந்த அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர். ஒரு ஹால் முழுக்க அடைச்சிக்கிட்டு நிக்கும். ஏசி அதுக்காகப் போட்டது. வெயில் காலத்துல ஆபீஸே ஏதாவது சாக்கு சொல்லிட்டு உள்ள போயிடும்.

அதுகிட்ட வேலை வாங்கணும்னா எல்லாத்தையும் நம்பர்லதான் எழுதணும். கூட்டுறதுக்கு ஒரு நம்பர், கழிக்கிறதுக்கு ஒரு நம்பர். இவ என்னடான்னா, நான் கூட்டுன்னே எழுதறேன், அத நம்பரா மாத்தற வேலையையும் மெஷினே பாக்கட்டும்னா. எங்க டைரக்டர், பெரியவர்னு கூப்பிடுவோம், விழுந்து விழுந்து சிரிச்சார். மெஷினுக்கு வார்த்தை புரிஞ்சிட்டா அப்புறம் நீ எதுக்கும்மான்னார்.

அப்பல்லாம் மெஷினுக்குச் சொல்றத அட்டையில ஓட்டையாப் போட்டுத்தான் உள்ள விடணும். அப்படி ரெண்டு வருஷம் ஓட்டை போட்டா. ஒரு நாள் மாடிப்படியில ட்ரே நழுவி எண்ணூறு அட்டையும் சிதறிப் போச்சு. அழுதாளாவா? நீங்க வேற! படியிலயே உக்காந்து, ஓட்டையப் படிச்சுப் படிச்சே வரிசையா அடுக்கினா. எல்லாரும் தாண்டித் தாண்டிப் போனாங்க. நான் மட்டும் கூட உக்காந்தேன். ஒரு எழவும் புரியல. ஆனா எங்க கல்யாணப் பேச்சு அந்தப் படியிலதான் ஆரம்பிச்சுது.

கடைசில வானிலை ஆபீஸ்காரர் ஒருத்தரக் கூட்டிட்டு வந்தா. மெஷினத் தொட்டே பாக்காத மனுஷன். அவரோட கணக்க நாலு வரி, சாதாரண வார்த்தையில எழுதிக் குடுத்தார். அத அட்டையாக்கி உள்ள விட்டா. கடகடன்னு சத்தம். பதில் வந்துருச்சு. எல்லாரும் கை தட்டினாங்க, பெரியவரப் பாத்து.

என்னது? ஆமா, இதப் பத்தி எங்க ஆபீஸ் வெளியிட்ட கட்டுரையில அவ பேரு இல்லதான். இதுவரைக்கும் வந்தவங்க யாரும் இதக் கேக்கல. பேரு ஏன் இல்லன்னா, கையால எழுதின பிரதியில பெரியவர் அவ பேரு மேல ஒரு கோடு கிழிச்சுக் குடுத்தார். டைப்பிஸ்ட் கோடு கிழிச்ச பேர விட்டுட்டு மிச்சத்த டைப் அடிச்சான். டைப்பிஸ்ட் நான்தான். அப்ப எனக்கு வேலை பர்மனென்ட் ஆகல.

அவளுக்குத் தெரியாமயா? பிழை பாக்க அவகிட்டயேதான் குடுத்தேன். முதல் பக்கத்தயே ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் மூணாம் பக்கத்துல ஒரு கமாவத் திருத்தி என் கையில குடுத்தா. அடுத்த மாசம் கல்யாணம். முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு தடவகூட அதப் பத்திக் கேக்கலம்மா.

தாராளமா எழுதிக்கோங்க. அந்த டைப்பிஸ்ட் வர்ற இடத்துல மட்டும் என் பேரப் போட மறந்துடாதீங்க.