டேரன் ஹோல்ராய்டோட கடைசி ஆட்டம்

கத்துங்க தம்பி, நல்லாக் கத்துங்க. காசு குடுத்துத்தானே உள்ள வந்தீங்க. அந்தப் பட்டாணிக் கிண்ணத்த மட்டும் கீழ வச்சுட்டுக் கத்துங்க, என் கோட்டெல்லாம் சிந்துது.

ஆமா, எதிர் டீம்ல அந்தப் பத்தாம் நம்பர்தான். டேரன் ஹோல்ராய்ட். கசாப்புக்காரன்னுதானே சொன்னீங்க? நம்ம ஹல் ஊர்ல எல்லாருக்கும் அவன் அதுதான். இன்னிக்கோட ரக்பி ஆட்டத்த விடுறான். முழங்கால் ரெண்டும் போச்சு. மூக்கு எந்தப் பக்கம் பாக்குதுன்னு மூக்குக்கே தெரியாது.

அவங்கப்பா சுரங்கம் மூடுனப்ப வேலை போன ஆளு. இவனுக்குப் படிப்பு ஏறல. கிளப்புக்காரங்க வந்து, உனக்கு ஓட வராதுடா, ஆளச் சாய்க்க வருது, அதையே செய்யின்னாங்க. செஞ்சான். சாய்க்கச் சாய்க்கக் கைதட்டுனாங்க, சம்பளம் ஏத்துனாங்க. அப்புறம் ஒருநாள் நம்ம டீம் பையன் ஒருத்தன் இவன் இடிச்சு விழுந்தான், எந்திரிக்கல. உடனே ஊர்ல இருக்குற அத்தனை பேருக்கும் மனசாட்சி வந்துருச்சு.

டிவியில பாத்தீங்களா? திருப்பித் திருப்பி, மெதுவா ஓட்டிக் காட்டுனானே. மெதுவா ஓட்டுனா எல்லாமே கொலை மாதிரிதான் தெரியும். நேர்ல அப்படியில்ல. அந்தப் பையன் கால் வழுக்கிக் குனிஞ்சான், அந்த நேரம் பாத்து இவன் தோள் வந்துருச்சு. விசாரிச்சவங்களே தப்பில்லன்னுட்டாங்க. நாமதான் ஒத்துக்கல. அவன் கிளப்பு என்ன பண்ணுச்சு? நாம வந்து திட்டுறதுக்காகவே அவன் படத்தப் போட்டு டிக்கெட் வித்துச்சு. கெட்டிக்காரங்க.

கொஞ்ச நாள் கழிச்சு டேரன் போய் அந்தப் பையனோட வீட்டுக் கதவத் தட்டுனான். அம்மாக்காரி மூஞ்சிக்கு நேராக் கதவச் சாத்துனா. மறு வாரமும் வந்தான். மறுபடி சாத்துனா. ஒரு மழை நாள்ல, போலீசக் கூப்புடுவேன்னு சொல்லக் கதவத் தொறந்தா, அம்மாம்பெரிய உடம்பு தேம்பித் தேம்பி அழுதுட்டு நிக்குது. என்ன பண்றது? டீயக் குடிச்சிட்டுப் போய்த் தொலைன்னா. இன்னிக்கு வரைக்கும் போய்த் தொலையல. திங்கக்கிழமையானா வந்துருவான். அந்தப் பையன அலுங்காமத் தூக்கிக் குளிப்பாட்டுவான், சவரம் பண்ணி விடுவான். அப்புறம் ரெண்டு பேரும் சேந்து உக்காந்து கோச்சுங்களத் திட்டுவாங்க.

என்ன தம்பி? அந்தப் பையனுக்காகத்தான் இவ்வளவு நாளாக் கத்துறீங்களா? நல்ல மனசு. அவனப் பாக்க வந்திருக்கீங்களா? வேலை இருக்குமில்ல, பரவால்ல.

டேரனோட அம்மாவா, நானா? ஐயய்ய, அவங்க அதோ சிவப்புத் தொப்பி. நான் ஸ்டூவர்ட்டோட அம்மா. ஆமா, அந்தப் பையன்தான். வீட்ல ரேடியோவுல கேட்டுட்டு இருக்கான். கடைசி மணி அடிச்சதும் எனக்கும் சேத்துக் கைதட்டிட்டு வாம்மான்னு சொல்லித்தான் அனுப்புனான், அவன் கை அசையாதுல்ல. அந்தா, மணி அடிச்சுட்டான். கொஞ்சம் தள்ளுங்க தம்பி, நான் எந்திரிக்கணும்.