தண்ணீரில் போட்டுப் பார்க்காத சட்டை

இந்த இரங்கல் கூட்டத்திற்குத் தலைமை ஏற்று, கலங்கிய கண்ணோடு அமர்ந்திருக்கும் கோட்டைக்குப்பத்து ஊர்ப்பெரியவர் சகாதேவன் அவர்களே! ஏரிச் சேற்றில் கைவிட்டு இறால் துழாவி எங்களை எல்லாம் ஆளாக்கிய தாய்மார்களே! பழவேற்காட்டிலிருந்தும் திருப்பாலைவனத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் உறவுகளே! முன்வரிசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் என் தங்கை ஜமுனா! உங்கள் அனைவருக்கும் மீனவர் சங்கச் செயலாளர் மாசிலாமணியின் வணக்கம்.

ஜமுனாவின் புருஷன் மாரி போய் இன்றோடு முப்பது நாள். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து மூன்று பேர் விழுந்தார்கள். இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். இந்த ஏரியை இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்தி அளந்த மாரி மட்டும் மூழ்கினான். ஏன்? மூவரில் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தவன் அவன் ஒருவன்தான்! உயிரைக் காக்க வந்த சட்டை தண்ணீரைக் குடித்தது, கனத்தது, போட்டவனையே இழுத்துக்கொண்டு போனது. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

அந்தச் சட்டையை வாங்கியவன் யார்? நம் வின்சென்ட். நம்மோடு வலை இழுத்து, படித்து, சென்னையில் பெரிய கம்பெனியில் கொள்முதல் அதிகாரியானவன். நமக்கு இலவசமாகக் கொடுக்க நல்ல சட்டை வாங்கச் சொன்னது கம்பெனி. கமிஷனுக்கு ஆசைப்பட்டு மட்டச் சரக்கை வாங்கினான் அவன். போன வாரம் வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். பேப்பரில் படத்தோடு வந்தது.

என்ன தம்பி? "அவன ஊருக்குள்ள வுடக்கூடாது"ன்றியா? கத்து, நல்லாவே கத்து. உன் கோபம் நியாயம். ஆனால் கொஞ்சம் பொறு. இன்னொருவன் மிச்சம் இருக்கிறான்.

நாம் எதையாவது தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் வாங்குகிறவர்களா? புதுப் படகை ஒரு நாள் முழுக்க மிதக்கவிட்டு ஓட்டை பார்க்கிறோம். வலைக்குக் கட்டும் மிதவையைக்கூட முக்கிப் பார்க்கிறோம். கடைக்காரன் முகம் சுளித்தால், "தண்ணில பாக்காம இன்னாத்த வாங்கறது?" என்று சண்டைக்குப் போகிறோம். இந்தச் சட்டைக்கு மட்டும் என்ன செய்தோம்? குங்குமம் வைத்தோம், மாதா படத்துக்கு முன்னால் வைத்தோம், உறைகூடப் பிரிக்காமல் மாட்டி வைத்தோம். போட்டுப் பார்த்தால் நம் வீட்டுப் பிள்ளையைச் சந்தேகப்பட்டதாகிவிடுமாம்!

கொண்டுவந்த அன்று வின்சென்ட் ஒரு தாளை நீட்டினான். "தண்ணீரில் சோதித்தோம், மிதந்தது" என்று அச்சடித்திருந்தது. "இன்னும் பாக்கவே இல்லியேடா?" என்றேன். "இன்னா மாமா, எம்மேல நம்பிக்க இல்லியா?" என்றான். ஐயோ, அந்த ஒரு வார்த்தை! சபையில் சொல்கிறேன், கேளுங்கள். நான் கையெழுத்துப் போட்டேன். பத்தடியில் ஏரி கிடந்தது. ஒரே ஒரு சட்டையை எடுத்துப் போட்டுப் பார்க்கவில்லை.

இன்று கம்பெனி என்ன சொல்கிறது? "அதிகாரியை நீக்கிவிட்டோம். சட்டை மிதந்ததாக உங்கள் சங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது. இறந்தவர் சரியாகக் கட்டியிருக்க மாட்டார்." மாரியின் சாவை மாரியின் தலையிலேயே போடுகிறார்கள்! அதைக் கேட்டதிலிருந்து ஜமுனா சோறு தின்னவில்லை. நேற்று என்னிடம் கேட்டாள்: "அண்ணே, அவரு வாணாம், கசகசன்னு கீதுன்னாரு. நான்தான் புடிச்சி நிறுத்திக் கட்டி வுட்டேன். தப்பா கட்டிட்டனா அண்ணே?"

அதற்குப் பதிலை இப்போது ஊரறியச் சொல்கிறேன். இல்லையம்மா! நீ சரியாகத்தான் கட்டினாய். அவன் உடல் கரை ஒதுங்கியபோதும் உன் முடிச்சு அவிழவில்லை. நாங்கள் கத்தியால் அறுத்தோம். நீ கட்டியது குற்றமில்லை. மிதக்கும் என்று நான் எழுதிக் கொடுத்ததுதான் குற்றம். நாளைக் காலை பொன்னேரிக்குப் போய், "அந்தத் தாள் பொய், கையெழுத்துப் போட்டவன் நான்" என்று போலீசில் வாக்குமூலம் கொடுக்கப் போகிறேன். ஜெயில் என்றால் ஜெயில். தலைவர் அவர்களே, செயலாளர் பதவியை இந்த மேடையிலேயே உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

கல்லெறியாமல் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கு என் நன்றி. எல்லோரையும் கும்பிட்டு இறங்குகிறேன். ஜமுனா, உன்னைக் கும்பிட மட்டும் இந்தக் கை கூசுகிறதம்மா.