முதலில் சொன்னவருக்கு வழிவிட்ட அமீர் நானா

கனத்த மனத்தோடு இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் சபாபதி அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் ஹாஜி அப்துல் சமது அவர்களே! சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் மருமகன் ரிஹான் அவர்களே! பசுந்தாங்கிலிருந்தும் தாமுவேயிலிருந்தும் லைங் தாயாவிலிருந்தும் கடையையும் வேலையையும் விட்டு வந்திருக்கும் அன்பர்களே! கணவரை இழந்து இத்தாவில் இருப்பதால் இங்கு வர இயலாமல், வீட்டில் துயரோடு அமர்ந்திருக்கும் நூருன்னிசா அக்காவுக்கு முதலில் என் ஆறுதலைச் சொல்லிக்கொள்கிறேன்.

ஹாஜி அமீர் அலி மறைந்துவிட்டார். பசுந்தாங் இரும்புச் சாமான் கடை ஹாஜியார் மறைந்துவிட்டார். பர்மியர்களுக்கு ஊ அமீர். நமக்கு அண்ணன் முறையில் அமீர் நானா. யாங்கோன் அஞ்சல்தலை சேகரிப்போர் வட்டத்தின் நிறுவனர்!

தாமுவேயில் அச்சகம் நடத்தும் குழந்தைவேலு ஆகிய என்னைப் பேசச் சொன்னார்கள். அவருடைய நெருங்கிய நண்பர் என்று அறிமுகப்படுத்தினார்கள். நண்பன்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் அவரைப் பார்த்து என் அளவுக்கு வயிறு எரிந்த மனிதன் வேறு ஒருவன் உண்டா? இல்லை! நான் ஆசைப்பட்ட ஒவ்வொரு அஞ்சல்தலையும் அவர் ஆல்பத்தில் இருந்தது. அப்படிப்பட்டவரைப் பற்றிப் பொறாமை இல்லாமல் பேச எனக்கு எப்படி வரும்?

தொண்ணூறுகளில் எங்களுக்கு ஏலத் தொல்லை இல்லை. பழைய அஞ்சல்தலைகளை வியாபாரிகள் கொண்டுவருவார்கள், யார் முதலில் போனாரோ அவருக்கு. பிறகு இணையத்தில் ஏலம் வந்தது. நம் ஊரிலிருந்து நேரே பணம் கட்ட வழியில்லை. எனக்குச் சென்னையில் மகள் ஜெயந்தி கட்டுவாள், நானாவுக்குச் சிங்கப்பூரிலிருந்து மருமகன் ரிஹான் கட்டுவார். இன்டர்நெட் கடைக்காரர் ஏதோ சுற்றுவழியில் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுப்பார். அமெரிக்காவில் மாலையில் முடிகிற ஏலம் நமக்குக் காலையில் முடியும். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, எல்லாம் புனைபெயர்.

ஒருநாள், தலைகீழாக எழுத்து அச்சான ஒரு பழைய பர்மா தலை ஏலத்துக்கு வந்தது. நான் கேட்டேன். யாரோ விலையை ஏற்றினார். நான் ஏற்றினேன். அவரும் விடவில்லை. கடைசியில் எனக்குக் கட்டுப்படியாகாமல் எழுந்து, பசுந்தாங் லப்பயே தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நானா வந்தார். ஜெயித்தவர் முகமாகவே இல்லை.

"வேலு, இன்னைக்கு ஒரு பைத்தியக்காரன் என்னைத் தொலைச்சுட்டான்பா. ஒண்ணுக்கு அஞ்சா ஏத்தி வாங்க வெச்சுட்டான்."

"என்னையும் ஒரு பைத்தியக்காரன்தான் நானா விரட்டி விட்டான். உங்களுக்கு எந்தத் தலை?"

"தலைகீழா அச்சானது."

நான் தேநீரைக் கீழே வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பைத்தியங்களும் ஒரே பெஞ்சில்! அந்தக் கடையே திரும்பிப் பார்க்கும்படி நானா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலை அவரிடம் போய்விட்டதே, எனக்கு எப்படி வரும்?

சிரித்து முடித்த கையோடு அவர் வகுத்ததுதான் நம் வட்டத்தின் முறை. ஒரு பொருளுக்கு ஆசைப்பட்டால் அதை நண்பர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். முதலில் சொன்னவருக்கு மற்றவர்கள் வழிவிட வேண்டும். வேறு ஆளை வைத்து மறைவில் கேட்கக் கூடாது. நாம் ஒருவரை ஒருவர் ஏற்றிவிட்டு, முகம் தெரியாத விற்பனைக்காரரைக் கொழுக்க வைக்கக் கூடாது. இதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தேகத்தை மறைக்கவில்லை. "நானா, ஆசைப்பட்டதையெல்லாம் வாங்கின பிறகு எங்களுக்குச் சட்டம் போடுறீங்களே!" என்றேன். "அப்படியே வெச்சுக்கோ. அடுத்ததுல பார்" என்றார்.

அடுத்ததும் வந்தது. ஜப்பான்காரர் காலத்தில் பழைய தலைகள் மேல் மயில் அச்சடித்து வெளியிட்டார்கள் அல்லவா? அதில் மயில் இரண்டு முறை விழுந்த ஒரு ஜோடி. நானா அதை வாழ்நாளெல்லாம் தேடியவர். ஆனால் ஏலச் செய்தியை முதலில் பார்த்தவன் நான். அதே லப்பயே கடையில், எல்லார் முன்னிலையிலும், "நான் சொல்லிவிட்டேன்" என்றேன். எவ்வளவு வரைக்கும் போவேன் என்பதையும் பெருமையாகச் சொன்னேன். நானாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. "எடுத்துக்கோ" என்றார். தேநீரைப் பாதியில் விட்டு எழுந்து போனார். உண்மையைச் சொல்கிறேன், அந்த மீதித் தேநீரைப் பார்க்க எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது!

அந்த வாரமே இருதயச் சோதனைக்காக ரிஹானிடம் சிங்கப்பூர் போனார். அது இரண்டாயிரத்தேழு செப்டம்பர். பிக்குகள் தெருவில் இறங்கிய அந்த நாட்களில் இங்கே இணையம் நின்றுபோனது. ஏன் என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் கடை கடையாக அலைந்தேன். எல்லாத் திரையும் வெள்ளை. ஜெயந்திக்குப் பணம் கட்டுவது மட்டும்தான் வேலை, ஏலம் கேட்பது நான். அவளுக்கு ஒன்றும் தெரியாது, தொலைபேசியும் கிடைக்கவில்லை. ஏலம் முடிந்துபோனது.

நானா திரும்பி வந்த அன்று, விமான நிலையத்திலிருந்து நேரே என் அச்சகத்துக்கு வந்தார்.

"அந்த மயில் ஜோடி யாருக்குப் போச்சோ நானா!" என்று அங்கலாய்த்தேன்.

"எனக்குத்தான்" என்றார்.

முறை வகுத்தவரே முறையை மீறினாரா? நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவர் பையிலிருந்து ஒரு சிறிய பொதியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"உக்காருப்பா. இங்கே இன்டர்நெட் இல்லைன்னு தெரிஞ்சது. உனக்காகக் கேட்டேன். நீ சொன்ன அளவுக்கு மேல போயிருந்தா விட்டிருப்பேன். இந்தா."

"நானா, இது உங்களுக்கும் வேணுமே!"

"வேணும்தான். ரிஹான் வீட்டுல தினமும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஆனா நீ முதல்ல சொல்லிட்டியே. சீக்கிரம் உள்ளே வெச்சுப் பூட்டு வேலு, எனக்குப் பொறாமையா இருக்கு."

கேட்டீர்களா அவையோரே! அமீர் நானாவுக்குப் பொறாமை! அவரிடமும் அது இருந்தது! "உங்களுக்குமா?" என்று கேட்டேன். "பொறாமையே இல்லாதவனுக்கு முறை எதுக்குப்பா? நமக்குத்தானே வேணும்" என்றார்.

நல்லது நடந்ததே, அதோடு நான் அடங்கினேனா? இல்லை! வட்டமே நானாவைப் புகழ்ந்தது. தலை என்னிடம், புகழ் அவரிடம். அதற்கும் எரிந்தேன். அடுத்த ஆண்டு நர்கீஸ் புயலில் வீட்டுக்கு வீடு கூரை பறந்தது. ஊரில் தகரம் தங்கமாகிவிட்டபோது நானா கொள்முதல் விலைக்கே கொடுத்தார். ஹாஜி அப்துல் சமதுவின் ஆல்பங்கள் ஊறிப்போயின என்று கேட்டு, அவர் வீட்டுக்குப் போய், ஒட்டிப்போன தலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்திக் கொடுத்தார். மறுநாள் அதே வேலைக்கு என் வீட்டுக்கு வந்தார். 'என்னிடம் ஏன் முதலில் வரவில்லை?' என்று அதற்கும் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன்!

இப்போது இந்த மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் பியாபோன் ஊரில் மயில் அச்சடித்த தலை ஒன்று ஏலத்துக்கு வந்தது. என் வரிசையில் அது இல்லை, நானாவின் வரிசையிலும் இல்லை. நானா மருத்துவமனையில் இருந்தார். பார்க்கப் போனேன். ஆரஞ்சுப் பையைக் கீழே வைப்பதற்குள் அவர் வாயைத் திறந்தார்.

"வேலு, பியாபோன் மயில். நான் சொல்லிட்டேன்."

படுக்கையில் கிடந்தவரும் என்னை முந்திக்கொண்டார்! எரிச்சலோடு சிரித்தேன். அவரும் சிரித்தார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

அடக்கம் முடிந்தது. ஏலம் முடியவில்லை. வட்டத்தில் ஒருவர் கேட்டார், "சொன்னவரே இல்லையே, இனி யாரும் கேட்கலாம்தானே?" ரிஹானும் என்னிடம் வந்து, "வேலு மாமா, நீங்களே எடுத்துக்குங்க. மாமா இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்" என்றார்.

சந்தோஷப்படுவாரா? எனக்கு அவரைத் தெரியும். பொறாமையில் குமைந்திருப்பார்!

ஏலம் முடிகிற காலையில் ரிஹானை அழைத்துக்கொண்டு இன்டர்நெட் கடைக்குப் போனேன். "உன் மாமா பேரிலேயே கேள்" என்றேன். வெளியூர்க்காரர் ஒருவர் எதிரே ஏற்றிக்கொண்டே வந்தார். ரிஹான் கையை எடுத்துவிட்டார். "போதும் மாமா, இனி யாருக்காக?" என்றார். "ஏத்து!" என்றேன். நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. எனக்கு வேண்டிய தலையை, என் வாயாலேயே, இன்னொருவருக்காக ஏற்றச் சொன்னேன். பக்கம் மெல்ல மெல்லத் திறந்தது. நானா ஜெயித்திருந்தார்.

ரிஹான் அழுதார். நானும் அழுதேன். பாதி நானாவுக்காக, பாதி அந்தத் தலைக்காக. இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

அன்பர்களே! அவருடைய ஆல்பங்கள் நூருன்னிசா அக்காவிடம் இருக்கின்றன. நம்மில் யாரும் அந்த வாசலில் போய், விற்பீர்களா என்று கேட்கக் கூடாது. ஆள் அனுப்பவும் கூடாது. வைத்திருப்பதும் கொடுப்பதும் அக்காவின் விருப்பம். கொடுக்க நினைத்தால் எல்லாருக்கும் ஒரே நாளில் தெரிய வேண்டும். இந்த அவை முன் நான் வாக்குக் கொடுக்கிறேன், வட்டத்தின் ஒவ்வொருவரும் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நானா! இறைவன் உங்களுக்குச் சுவனத்தைத் தரட்டும். எங்கள் பொறாமையை நாங்கள் விடப்போவதில்லை, அது எங்களால் ஆகாது. ஆனால் ஒருவருக்கு ஒருவர் வழிவிடுவதில் இனி உங்களை மிஞ்சப் பார்ப்போம். அங்கிருந்து எங்களைப் பார்த்து, ஒரு நாளாவது, நீங்கள் பொறாமைப்பட வேண்டும்!