அமலாவின் தகப்பன் பெயரை எழுதிய கைக்கு

"எங்கப்பா பேரச் சொன்னா எல்லாரும் ஏன் எங்கம்மா கழுத்தப் பாக்கறாங்க?"

நம் ஆலையின் நேர அலுவலகத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஒருநாள் இப்படிக் கேட்டாள். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் பேனாவைத் திறந்தார். "அவங்களுக்கு வேற வேல இல்லம்மா. நீ உங்கப்பா பேரச் சொல்லு, நான் எழுதிக்கிறேன்" என்றார்.

அந்தப் பேனாவுக்கு உரிய பெருந்தகையே! பதனிடும் ஆலையில் பழுதுபடாப் பண்பாளரே! தோலின் வாடைக்கு நடுவே தூய்மை காத்த தோழரே! தலைமை எழுத்தர் ஜனாப் இஷ்தியாக் அகமது சாஹிப் அவர்களே! முப்பத்தைந்து ஆண்டுப் பணி முடித்து இன்று விடைபெறும் தங்களுக்கு, சுண்ணாம்புக் குழி முதல் தையல் பிரிவு வரை உள்ள நாங்கள் அனைவரும் எழுந்து நின்று வணக்கமும் சலாமும் சொல்கிறோம்.

தங்கள் குணங்களை அடுக்கிச் சொல்லத் தொடங்கினால் பொழுது போய்விடும். சம்பள நாளில் கைநாட்டு வைக்க வருபவருக்காக மைப்பெட்டியின் பக்கத்தில் ஈரத்துணியும் வைத்திருந்தீர்கள். விரலில் மையோடு எங்களில் யாரும் வீட்டுக்குப் போனதில்லை. லீவு கேட்டு வந்தவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டு வதைத்ததும் உண்டு. அதையும் நாங்கள் மறக்கவில்லை! ஆனால் இன்று சொல்ல விரும்புவது ஒரே ஒரு செய்தி. அதைச் சபையில் வாசிக்கலாமா என்று தையல் பிரிவுத் தனகோடியிடம் கேட்டோம். "வாசிங்க. மறைக்க இன்னா இருக்குது?" என்றார்.

தனகோடி குடியாத்தத்து நெசவு வீட்டில் பிறந்தவர். அந்தோணி நம் ஆலையில், தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய மர டிரம்மை ஓட்டியவர். இருவரும் ஏழு ஆண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். அமலா பிறந்தாள். ஆனால் கல்யாணம் ஆகவில்லை. ஞானஸ்நானம் வாங்கினால்தான் மருமகள் என்றார் அந்தோணியின் தாய் மரியம்மாள். திருநீறு பூசினால்தான் மாப்பிள்ளை என்றார்கள் தனகோடியின் அண்ணன்மார். ஒருவர் சாமியை மற்றவர் பறிக்க இருவருக்குமே மனம் வரவில்லை. பதிவு அலுவலகத்துக்குப் போகலாம் என்றால், அங்கே பலகையில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். அது அண்ணன்மார் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்ற பயம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டார்கள். எழுபத்தாறாம் ஆண்டு மழைக்காலத்தில், டிரம்மைச் சுழற்றும் வாரில் சிக்கி அந்தோணி இறந்துபோனார்.

ஆலை இழப்பீட்டுத் தொகையை வேலூரில் உரிய அதிகாரியிடம் கட்டிவிட்டது. அது யாருக்குப் போகும் என்பதுதான் கேள்வி. மரியம்மாள் விதவைத் தாய். அவருக்குப் பங்கு நிச்சயம். தாலி ஏறாத தனகோடிக்கும் அவர் பெற்ற பிள்ளைக்கும்?

எங்கள் சங்கச் செயலாளர் ஜம்புலிங்கம் ஒரு வழி கண்டுபிடித்தார். விரிஞ்சிபுரம் கோயிலில் கல்யாணம் நடந்தது என்று நாங்கள் சாட்சி சொல்லிவிடுவது! சைக்கிள் கொட்டகையில் ஒத்திகை நடந்தது.

"தாலி கட்றப்போ யாரு யாரு இருந்தீங்க?" என்று அதிகாரியைப் போலக் குரலை மாற்றிக் கேட்டார் ஜம்புலிங்கம்.

"நாங்க எல்லாரும்தான்."

"சாப்பாடு இன்னா போட்டாங்க?"

"பிரியாணி" என்றார் ஆபித் பாஷா, கொஞ்சமும் யோசிக்காமல்.

"அடப்பாவி! கோயில் கல்யாணத்துலயா?"

"நீ கேட்டது சாப்பாடு. ஆம்பூர்ல கல்யாணம்னா வேற இன்னாத்தப் போடுவாங்க?"

சைக்கிள் எடுக்க வந்த தாங்கள் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "சாட்சிங்க ஜாஸ்தியாவே இருக்குது. கல்யாணந்தான் கம்மியா இருக்குது" என்றீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆபித் பாஷா இப்போது சிரிக்கலாம். அன்று யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் தனகோடியை அழைத்து உட்காரவைத்துப் பேசினீர்கள். "பாரும்மா, பொண்டாட்டின்னு போய் நின்னா எந்தக் கோயிலு, எந்த அய்யருன்னு கேப்பாங்க. மரியம்மா வந்து இல்லவே இல்லம்பாங்க. உன் பேச்சு ஒரு எடத்துல ஒடஞ்சா, அப்புறம் கொழந்தைக்காக நீ சொல்றத யாரு நம்புவாங்க? கல்யாணம் ஆவாம பொறந்த கொழந்தையா இருந்தாலும், அப்பன் சம்பாத்தியத்துல வளந்திருந்தா அதுக்குப் பங்கு உண்டு. சட்டத்துலயே இருக்குது. பொய் தேவையில்ல."

"எனக்கு, பாய்?"

"உனக்கு ஒண்ணும் வராதும்மா."

பொய் சொன்னால் ஒருவேளை தனகோடிக்கும் ஒரு பங்கு கிடைக்கலாம். உண்மை சொன்னால் அவருக்கு நிச்சயமாக ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கேட்டது பங்கைப் பற்றி இல்லை.

"அப்போ நான் அவருக்கு யாரு, பாய்?"

"எனக்குத் தெரியும். இந்த ஊருக்குத் தெரியும். மேல இருக்கறவனுக்கு நல்லாத் தெரியும். சட்டத்துலதான் அத எழுத எடம் வைக்கல, அவ்ளோதான்" என்றீர்கள். அமலாவின் பெயரில் மனு எழுதத்தான் பிறகு அந்தப் பேனாவைத் திறந்தீர்கள்.

எங்களுக்கோ கோபம். "ஒரு பொம்பளய அத்தினி பேர் முன்னாடி நிக்கவச்சு அசிங்கப்படுத்தப் போறாரு பாய்" என்று ஜம்புலிங்கம் கத்தினார். டீக்கடையில் தாங்கள் உட்கார்ந்த பெஞ்சில் விசாரணை நாள் வரை எங்களில் ஒருவரும் உட்காரவில்லை. தாங்கள் தனியாக டீ குடித்துவிட்டு, எங்களுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனீர்கள்!

விசாரணை நாளில் வேலூர் பஸ்ஸில் தனகோடி முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தார். மடியில் அமலா. முன் இருக்கையில் தாங்கள். எதிர்வரிசையில் ஜபமாலையோடு மரியம்மாள். இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. எந்தக் கோயிலிலும் கல்யாணம் நடக்கவில்லை என்று அடித்துச் சொல்லத்தான் அவர் புறப்பட்டு வந்தார்.

பெயர் கூப்பிட்டார்கள். தனகோடி எழுந்தார். போர்த்திய முந்தானையைத் தோளில் இறக்கிவிட்டார்.

"தாலி கட்டல சார். ஏழு வருசம் ஒரே வீட்ல இருந்தோம். இது அவரு பொண்ணு. எனக்கு எதுவும் வேணாம். இவளுக்கு உண்டுன்னா குடுங்க."

மரியம்மாள் மனத்தில் கட்டிக்கொண்டு வந்த வாதம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் வேலையற்றுப் போயிற்று. எதிர்க்க அங்கே பொய்யே இல்லை. அதிகாரி அவரைப் பார்த்து, இந்தக் குழந்தை உங்கள் மகனுடையதா என்று கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தொகை முழுவதும் அவருக்கே. மரியம்மாள் முதல் முறையாகக் குழந்தையை நேராகப் பார்த்தார்.

"காதப் பாருங்க சார். அப்பிடியே எம்மவன் காது" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "ஞானஸ்நானந்தான் ஆவல. மத்தபடி எங்க ரத்தம்" என்றார்.

தொகை அந்தோணியின் தாய்க்கும் மகளுக்குமாகப் பிரிந்தது. அமலாவின் பங்கை வங்கியில் போட்டு, அவளை வளர்க்கும் செலவுக்கு வட்டியைத் தனகோடியிடம் கொடுக்க உத்தரவாயிற்று. அந்த உத்தரவில் அமலாவின் பெயருக்குப் பக்கத்தில் அந்தோணியின் பெயர் இருந்தது. தனகோடிக்குச் சட்டம் காலணாக்கூடத் தரவில்லை. அது நியாயம்தானா என்று நாங்கள் கேட்டபோது, இல்லை என்று தாங்களே ஒப்புக்கொண்டீர்கள். புதிதாகத் தொடங்கிய ஷூ மேல்பாகத் தையல் பிரிவில் அவருக்கு வேலை கேட்டு முதலாளி அறை வாசலில் காத்து நின்றீர்கள். கிடைக்கும்வரை நின்றீர்கள்.

வழிகாட்டிய வள்ளலே! அதன்பின் எங்களில் தாலியில்லாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்களிடம் வந்தார்கள். குடும்பம் என்று சட்டம் சொல்லும் யாரும் இல்லாதவன் சேமநிதிக்கு யார் பெயரையும் நியமிக்கலாம், உறவு என்ற இடத்தில் மட்டும் பொய் எழுதாதே என்று சொல்லிக் கொடுத்தீர்கள். பதிவுத் திருமணத்துக்குப் பயந்தவர்களிடம், "நோட்டீஸ் ஒட்டினா ஒட்டட்டும். அந்தப் பலகைக்கு முன்னாடி நானே நின்னுக்கறேன்" என்றீர்கள். நிஜமாகவே போய் நின்றீர்கள்!

அன்பரே! இனி ஆலை மணி அவசரப்படுத்தாத காலைகள் தங்களுக்கு வாய்க்கட்டும். மூட்டுவலி விலகட்டும், பார்வை தெளிவாயிருக்கட்டும், தொழுகைக்குக் குனியும் முதுகு நெடுங்காலம் நோகாதிருக்கட்டும். எல்லாம் வல்ல இறைவன் தங்களை நூறாண்டு நலமோடு வைக்கட்டும்!

கடைசியாக ஒன்று. சென்ற ஆண்டு தங்கள் துணைவியார் அன்வரி பேகம் காலமானார்கள். பிள்ளையில்லாத வீடு. முதல் மூன்று நாள் சொந்தக்காரர்கள் சோறு அனுப்பினார்கள், அதுதான் முறை. நான்காம் நாள் தாங்கள் வேலைக்கு வந்துவிட்டீர்கள். மதியம் பூட்டிய வீட்டுக்குத் திரும்பியபோது, வாசற்படியில் ஒரு தூக்குவாளி இருந்தது. சோறும் பருப்பும் சூடாக இருந்தன. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும்வரை நாள்தோறும் இருந்தது. கழுவி வாசலில் வைப்பீர்கள். காலையில் அது இருக்காது. வைத்தவரை யாரும் பார்க்கவில்லை. யார் என்று தாங்களும் கேட்கவில்லை.

அந்த நாள்களில் மதிய இடைவேளை மணி அடிக்கும் முன்பே தையல் பிரிவில் தனகோடியின் முக்காலி மட்டும் காலியாகிவிடும். எங்கே போனாய் என்று நாங்களும் கேட்கவில்லை.

தங்கள் அன்புக்கு என்றும் கட்டுப்பட்ட
ஆலைத் தொழிலாளர்களும் அலுவலர்களும்
ஆம்பூர், ஜூன் 1985